நிழலுக்குக் காரணம் கேட்போம்: புதிய நுவார் படங்களைப் படிப்படியாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தென்மேற்குப் பருவமழை பெய்யும் நாட்களில், மாலை ஆறரை மணிக்குமேல் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். வரிசையாக நிற்கும் காம்பராக்களில் ஒன்றிரண்டின் இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) மட்டும் மின்குமிழ் எரியும். திறந்திருக்கும் கதவு வழியாக வெளிச்சம் நீண்ட பட்டையாக ஈரத்தரையில் விழும். படியேறி வருபவர் யார் என்பது, அவர் அந்தப் பட்டைக்குள் கால் வைக்கும் வரை தெரியாது. இந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, ‘நுவார்’ என்று அழைக்கப்படும், குற்றமும் இருளும் நிறைந்த 1940களின் அமெரிக்கப் படங்களின் ஒளியமைப்பைத் தனியாக விளக்கவேண்டிய தேவை அதிகம் இல்லை. அந்தப் படங்களைப் பின்பற்றி 1970களுக்குப் பிறகு எடுக்கப்பட்ட புதிய படங்களை எந்த ஒழுங்கில், எதைக் கவனித்துப் பார்ப்பது என்பதற்குத்தான் ஒரு வழிகாட்டி தேவைப்படுகிறது.

நானும் நண்பர்கள் சிலரும் மாதத்தில் இரண்டு இரவுகள் ஒரு வீட்டில் கூடி இந்தப் படங்களைப் பார்த்து வருகிறோம். முதல் முறை நான் ஒழுங்கைப் பிழையாக அமைத்துவிட்டேன். கண்ணைப் பறிக்கும் புதிய படம் ஒன்றை முதலில் போட்டதால், நுவார் என்றால் மழையும் தொப்பியும் சிகரெட் புகையும்தான் என்ற எண்ணம் பார்த்தவர்களின் மனதில் பதிந்துவிட்டது. அதைக் களைவதற்குப் பல இரவுகள் ஆயின. கீழே உள்ள படிகள் அந்த அனுபவத்திலிருந்து உருவானவை. அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே: இந்தப் படத்தில் நிழல் ஏன் விழுகிறது? பழைய படங்களில் நிழலுக்கு ஒரு காரணம் இருந்தது. புதிய படம் தன் நிழலுக்கு ஒரு புதிய காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறதா என்பதை வைத்தே அதன் தகுதியை முடிவுசெய்யலாம் என்பது என் உறுதியான கருத்து.

முதலாம் படி: அறையை இருட்டாக்குதல்

இது சிறிய விடயம் போலத் தோன்றினாலும், இதைத் தவிர்த்தவர்களுக்குப் படம் பாதிதான் கிடைக்கும். நுவார் படத்தில் சட்டகத்தின் பெரும்பகுதி கறுப்பாகவே இருக்கும். அந்தக் கறுப்புக்குள்ளும் கதவின் விளிம்பு, ஒரு கை, ஒரு கண் என்று மெல்லிய வேறுபாடுகள் இருக்கும். பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியில் பார்த்தால் அவை எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். ஆகவே இரவில், அறை விளக்கை அணைத்து, மடிக்கணினியிலோ தொலைக்காட்சியிலோ பாருங்கள். தொலைக்காட்சியில் படத்தைப் பளிச்சென்று காட்டும் அமைப்பையும், அசைவுகளை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். தகரக்கூரை உள்ள வீடுகளில் மழை தொடங்கிவிட்டால் உரையாடல் ஒரு சொல்லும் கேட்காது என்பதால், காதொலிக்கருவியும் ஆங்கிலத் துணைத்தலைப்பும் ஆயத்தமாக இருக்கட்டும். இந்தப் படங்களின் பேச்சு வேகமானது. ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களுக்கும் துணைத்தலைப்பு உதவும். தேவையான இடத்தில் நிறுத்தி, புரிந்தவர் மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டுத் தொடர்வதில் எந்தக் குறையும் இல்லை.

இரண்டாம் படி: மூன்று பழைய படங்களை முதலில் பார்த்தல்

நகலைப் புரிந்துகொள்ள மூலம் தெரிந்திருக்கவேண்டும். பட்டியல் நீளமானது என்றாலும் தொடக்கத்துக்கு மூன்று படங்கள் போதும்.

முதலாவது, பில்லி வைல்டர் இயக்கி 1944இல் வெளிவந்த ‘டபுள் இன்டெம்னிட்டி’. காப்புறுதி முகவர் ஒருவர், தன் கணவனைக் கொன்று காப்புறுதிப் பணத்தைப் பெற விரும்பும் பெண்ணோடு சேர்ந்துகொள்கிறார். காயமடைந்த அந்த முகவர் இரவில் தன் அலுவலகத்துக்கு வந்து, ஒலிப்பதிவுக் கருவியில் தன் குற்றத்தைச் சொல்லத் தொடங்குவதோடு படம் ஆரம்பிக்கிறது. முடிவு தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. மனிதன் எப்படி அந்த முடிவுக்குத் தானே நடந்துபோனான் என்பதைத்தான் மீதிப் படம் காட்டுகிறது. ஒளிப்பதிவாளர் ஜோன் செய்ட்ஸ், ஜன்னல் மறைப்பின் கிடைப்பட்டிகள் வழியாக வெளிச்சத்தை அறைக்குள் விட்டு, அந்தக் கீற்றுகள் மனிதர்களின் உடலில் சிறைக்கம்பி போல விழும்படி செய்தார். பிற்காலத்தில் ஆயிரம் முறை நகலெடுக்கப்பட்ட காட்சி இது.

இரண்டாவது, ஜாக் டூர்னர் இயக்கிய ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’, 1947. சிறிய ஊரொன்றில் பெற்றோல் நிலையம் நடத்தி அமைதியாக வாழும் ஒருவரைத் தேடி, அவர் விட்டுவந்த பழைய வாழ்க்கை வருகிறது. வெயில் விழும் ஏரிக்கரையும் மலைகளும் இந்தப் படத்தில் நிறைய உண்டு என்பதைக் கவனியுங்கள். நுவாருக்கு நகரமும் இரவும் கட்டாயம் இல்லை என்பதை இந்தப் பழைய படமே காட்டிவிடுகிறது.

மூன்றாவது படத்தை மலையகத்து வாசகர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று நான் சொல்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. எட்கர் உல்மர் இயக்கிய ‘டீட்டூர்’, 1945இல் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 68 நிமிடங்கள். பதிப்புரிமை இல்லாத நிலையில் இருப்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இதில் காதலர் இருவர் நியூயோர்க் தெருவில் நடந்துபோகும் காட்சி ஒன்று உண்டு. நியூயோர்க் தெருவை அரங்கமாகக் கட்டப் பணம் இல்லை. ஆகவே இயக்குநர் அடர்ந்த மூடுபனியையும் தெருவிளக்கையும் வைத்து அந்த நகரத்தை உண்டாக்கிவிட்டார். இல்லாமையை மறைக்க வந்த, நம் மலைகளில் நாம் நன்கு அறிந்த அந்தப் பனி, அந்தக் காதலர்களுக்கு முன்னால் வழி தெரியாத நிலையைச் சொல்லும் காட்சியாகவும் ஆகிவிட்டது.

பழைய நுவாரின் அழகு பெரும்பாலும் இப்படித்தான் பிறந்தது. போர்க்காலச் சிக்கனம் அரங்கங்களைச் சிறிதாக்கியது. நாட்சிகளிடமிருந்து தப்பி ஐரோப்பாவிலிருந்து ஹொலிவூட் வந்த இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும், ஜேர்மன் மௌனப் படங்களில் பழகிய கூரிய நிழல்களைத் தங்களோடு கொண்டுவந்தனர். 1934இலிருந்து கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு ஒழுக்கவிதிகள், கொலையையும் காமத்தையும் நேரடியாகக் காட்ட விடவில்லை. ஆகவே அவை சுவரில் விழும் நிழலாகவும் மூடிய கதவாகவும் மாறின. குற்றம் செய்தவர் தண்டனையிலிருந்து தப்பக்கூடாது என்பதும் அந்த விதிகளில் அடங்கும். அதனால் கதையின் முதல் நிமிடத்திலேயே முடிவு எழுதப்பட்டுவிட்டது போன்ற கனம் இந்தப் படங்களில் சேர்ந்தது. போர்க்காலத்தில் பிரான்ஸுக்குள் வராதிருந்த அமெரிக்கப் படங்கள் 1946இல் ஒரே நேரத்தில் பாரிஸில் திரையிடப்பட்டபோது, விமர்சகர் நினோ ஃபிராங்க் அவற்றில் சிலவற்றைக் குறிக்க, கறுப்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லான ‘நுவார்’ என்பதைப் பயன்படுத்தினார். படங்களை எடுத்தவர்களுக்குத் தாங்கள் நுவார் எடுக்கிறோம் என்பது அப்போது தெரியாது. இன்று எடுப்பவர்களுக்கு அது தெரியும். நியோ நுவார் என்று அழைக்கப்படும் புதிய படங்களின் பலமும் பலவீனமும் அந்த அறிவிலிருந்தே வருகின்றன.

மூன்றாம் படி: குறிப்பேட்டில் எழுதுதல்

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முக்கியமான ஒரு காட்சியைத் தேர்ந்து, அதில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள்: மேசை விளக்கா, ஜன்னலா, வாகனத்தின் முகப்பு விளக்கா, அல்லது எங்கிருந்து என்று சொல்லமுடியாத வெளிச்சமா. கதையை யார் சொல்கிறார், அவர் சொல்வதை நம்பலாமா என்று எழுதுங்கள். கதைநாயகன் எதற்கு ஆசைப்பட்டுத் தவறு செய்தான் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முயலுங்கள்.

கதையில் வரும் பெண்ணைப் பற்றியும் எழுதவேண்டும். ஆணை அழிவுக்கு இழுத்துச்செல்லும் மயக்கும் பெண் என்பது பழைய நுவாரின் நிலையான பாத்திரம். அவளுடைய ஆசைகளை அந்தப் படங்கள் வியப்போடு பார்த்தன. முடிவில் ஒழுக்கவிதிகளுக்குக் கட்டுப்பட்டு அவளைத் தண்டித்தன. புதிய படம் அவளை எப்படி நடத்துகிறது என்பது அந்த இயக்குநரின் மனதை நமக்குத் திறந்து காட்டும்.

நான்காம் படி: நெருக்கமான நகல்களை மூலத்தோடு இணைத்துப் பார்த்தல்

‘டபுள் இன்டெம்னிட்டி’யைப் பார்த்த அடுத்த வாரமே, லோரன்ஸ் காஸ்டன் இயக்கிய ‘பாடி ஹீட்’ (1981) படத்தைப் பாருங்கள். கதையின் எலும்புக்கூடு ஏறத்தாழ அதேதான். காப்புறுதி முகவரின் இடத்தில் புளோரிடாவின் சாதாரண வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். ஆனால் இங்கே கறுப்பு–வெள்ளை நிழல் செய்த வேலையை வெப்பம் செய்கிறது. வியர்வை, ஓயாமல் சுற்றும் மின்விசிறி, திறந்தே கிடக்கும் ஜன்னல்கள் எல்லாம் மனிதர்களின் அறிவை மெல்ல மெல்ல மங்கச்செய்கின்றன. ஒழுக்கவிதிகள் 1968இல் கைவிடப்பட்டுவிட்டதால், 1944இல் மறைக்கப்பட்ட உடல்களை இந்தப் படம் வெளிப்படையாகக் காட்டுகிறது. ஆகவே இது வயதுவந்தவர்களுக்கான படம். அந்தச் சுதந்திரத்தை அது முடிவிலும் பயன்படுத்திக்கொள்கிறது. இரண்டு படங்களின் இறுதிக் காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இடைப்பட்ட 37 ஆண்டுகளில் எது மாறியது என்று யாரும் சொல்லாமலே புரியும்.

அடுத்து, கோயன் சகோதரர்களின் ‘த மேன் ஹூ வாஸன்ட் தேர்’, 2001. கதை 1949இல் கலிபோர்னியாவின் சிறிய ஊரொன்றில் நடக்கிறது. அதிகம் பேசாத சிகையலங்காரத் தொழிலாளி ஒருவர், உலர்சலவைத் தொழிலில் முதலிடுவதற்காக மிரட்டிப் பணம் பறிக்கும் திட்டத்தில் இறங்குகிறார். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் வண்ணச் சுருளில் படம்பிடித்து, பின்னர் அதைக் கறுப்பு–வெள்ளையாக அச்சிட்டார். அதனால் சாம்பல் நிறத்தின் படிகள் மிக மென்மையாகக் கிடைத்துள்ளன. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதை ஜோவெல் கோயன், டேவிட் லிஞ்சுடன் பகிர்ந்துகொண்டார். இந்தப் படத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பழைய நுவாரின் நாயகர்கள் பணத்துக்கும் பெண்ணுக்கும் ஆசைப்பட்டார்கள். இவர் யாராவது தன்னைக் கண்ணெடுத்துப் பார்க்கவேண்டும் என்று மட்டுமே ஆசைப்படுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. சுற்றியுள்ளவர்களின் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் மனிதனைச் சொல்ல, பின்னணியோடு கரைந்துவிடும் அந்தச் சாம்பல் நிறம் தேவைப்பட்டது.

இதற்கு மாறான உதாரணமாக, ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய ‘த குட் ஜெர்மன்’ (2006) படத்தைப் பாருங்கள். 1945ஆம் ஆண்டின் பேர்லின் நகரக் கதையை, 1940களின் படப்பிடிப்பு முறையிலேயே எடுக்க அவர் முனைந்தார். தூரத்தை நெருக்கிக் காட்டும் சூம் வில்லைகள் இல்லை. நடிகர்களின் உடையில் பொருத்தும் கம்பியில்லா ஒலிவாங்கிகள் இல்லை. பழைய வகை விளக்குகளும் ஸ்டூடியோ அரங்கங்களுமே பயன்படுத்தப்பட்டன. அந்த உழைப்பை மதிக்காமல் இருக்கமுடியாது. இருந்தும் படம் முடிந்தபோது எங்கள் அறையில் யாருக்கும் அந்த மனிதர்கள்மீது பரிவு வரவில்லை. கருவிகள் அனைத்தும் 1940களுக்குத் திரும்பிவிட்டன. அந்தக் கருவிகளை அப்படிப் பயன்படுத்தச் செய்த நெருக்கடி திரும்பவில்லை. இந்த இரண்டு படங்களையும் ஒரே மாதத்தில் பார்ப்பது, இந்த வழிகாட்டியின் மற்ற எல்லாப் படிகளையும்விட அதிகமாகக் கற்றுத்தரும்.

பழைய படங்களின் உண்மையான காட்சித் துண்டுகளையே புதிய காட்சிகளோடு ஒட்டி 1982இல் எடுக்கப்பட்ட ‘டெட் மென் டோன்ட் வேர் பிளெய்ட்’ என்ற நகைச்சுவைப் படத்தையும் நேரமிருந்தால் பார்க்கலாம். துண்டுகளை அடையாளம் காணும் மகிழ்ச்சிக்கு மேல் அதில் அதிகம் இல்லை.

ஐந்தாம் படி: இடம்பெயர்ந்த நுவாரைப் பார்த்தல்

இந்தப் படியில் நீண்ட நேரம் தங்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நம் ஊருக்கு மிக அருகில் வரும் படங்கள் இங்கேதான் இருக்கின்றன.

ரோமன் போலன்ஸ்கி இயக்கி, ரொபர்ட் டவுன் எழுதி, 1974இல் வந்த ‘சைனாடவுன்’ பெரும்பாலும் வெயிலில் நடக்கும் நுவார். வறட்சியில் வாடும் 1930களின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், தனியார் துப்பறிவாளர் ஒருவர் சாதாரணக் குடும்ப விவகாரம் ஒன்றை விசாரிக்கப்போய், நகரத்தின் தண்ணீரை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்ற உண்மையில் மோதுகிறார். 1913இல் திறக்கப்பட்ட கால்வாய் வழியாக ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீர் அந்த நகரத்துக்குக் கொண்டுவரப்பட்ட வரலாறு இந்தக் கற்பனைக் கதைக்குப் பின்புலமாக இருக்கிறது. படம் முழுவதும் துப்பறிவாளருக்குத் தெரிந்ததற்கு மேல் நமக்கு எதுவும் தெரியாது. அவர் தவறாகப் புரிந்துகொள்ளும்போது நாமும் தவறாகவே புரிந்துகொள்கிறோம். பின்னணிக் குரல் எதுவுமின்றியே பழைய நுவாரின் அந்த உள்நோக்கிய பார்வையைப் படம் கொண்டுவந்துவிடுகிறது. 1941இல் ‘த மோல்டீஸ் ஃபால்கன்’ என்ற தொடக்ககால நுவாரை இயக்கிய ஜோன் ஹியூஸ்டனே இதில் தண்ணீரை ஆளும் செல்வந்தராக நடித்திருப்பது வெறும் மரியாதைக்காகச் செய்த ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை. பழைய உலகமே வந்து உட்கார்ந்து புதிய துப்பறிவாளரை விசாரிப்பது போல அந்தக் காட்சிகள் அமைந்துள்ளன.

எங்கள் வீட்டில் இந்தப் படம் ஓடியபோது, மஸ்கெலியாவைச் சேர்ந்த நண்பர் பாதியிலேயே நிறுத்தச் சொல்லி, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மூழ்கிய வழிபாட்டிடங்களின் சுவர்கள் இன்றும் மேலே தெரிகின்றன. தண்ணீருக்கு அடியில் ஒரு ஊர் இருக்கிறது என்பதை அறிந்தே வளர்ந்தவர்களுக்கு, ‘சைனாடவுன்’ எழுப்பும் கேள்வியை, அதாவது நீர் யாருக்காக எங்கிருந்து எங்கே போகிறது என்பதை, யாரும் விளக்கவேண்டியதில்லை. இரண்டு வரலாறுகளும் வெவ்வேறானவை, அவற்றை ஒன்றாக்கிவிடக்கூடாது. ஆனால் படத்துக்குள் நுழைவதற்கு அவருக்குக் கிடைத்த வாசல் மிக நல்ல வாசல்.

அடுத்தது கார்ல் ஃபிராங்க்ளின் இயக்கிய ‘டெவில் இன் அ ப்ளூ டிரெஸ்’, 1995. கதை 1948இன் லொஸ் ஏஞ்சலிஸில் நடக்கிறது. விமானத் தொழிற்சாலை வேலையை இழந்த கறுப்பினத்தவரான ஈஸி ரோலின்ஸ், டென்சல் வோஷிங்டன் நடித்த பாத்திரம், காணாமற்போன வெள்ளைப் பெண்ணொருவரைத் தேடித்தரும் வேலையை ஏற்றுக்கொள்கிறார். ஆபத்து என்று தெரிந்தும் அவர் அதை ஏற்பதற்குக் காரணம், தன் சொந்த வீட்டின் கடன் தவணையைக் கட்டவேண்டும் என்பதுதான். அந்தச் சிறிய வீட்டையும் முன்புறத் தோட்டத்தையும் அவர் பார்க்கும் பார்வையை மறக்கமுடியாது. பழைய நுவாரில் ‘த மோல்டீஸ் ஃபால்கன்’ படத்தின் தங்கச்சிலைக்கும் ‘டபுள் இன்டெம்னிட்டி’யின் காப்புறுதிப் பணத்துக்கும் இருந்த இடத்தில், இங்கே ஒரு வீட்டின் உறுதிப்பத்திரம் இருக்கிறது.

அதே 1948இல் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. தலைமுறைகளாக வாழ்ந்த லயத்துக்கும் நின்ற நிலத்துக்கும் தம் பெயரில் உறுதி இல்லாத குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. ஆகவே ஈஸி தன் வாசலில் நின்று இது என் வீடு என்று உணரும் காட்சியை, நியூயோர்க்கில் இருக்கும் பார்வையாளரைவிட நோர்வூட்டில் இருக்கும் பார்வையாளர் கூர்மையாக உணரக்கூடும். காவல்துறையினர் எந்த நேரமும் தடுத்து நிறுத்தலாம் என்ற அச்சத்தோடு அவர் தெருவில் நடக்கும்போது, நுவாரின் பழைய பதற்றத்துக்கு நிறவெறி என்ற உண்மையான காரணம் கிடைத்துவிடுகிறது. நான் தேடும் புதிய காரணம் என்பது இதுதான். இந்தப் படத்துக்குத் தகுந்த புகழ் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு.

ரையன் ஜோன்சன் தன் முதல் படமான ‘பிரிக்’ (2005) படத்தில், 1930களின் துப்பறியும் நாவல்களின் பேச்சு முறையைப் பாடசாலை மாணவர்களின் வாயில் வைத்தார். 5 இலட்சம் டொலருக்கும் குறைவான செலவில், தான் வளர்ந்த ஊரிலேயே எடுத்தார். முதல் பத்து நிமிடங்களுக்கு அந்தப் பேச்சு செயற்கையாக ஒலிக்கும். பொறுத்துக்கொண்டால், பதின்ம வயதில் காதலும் துரோகமும் உயிர்போகும் விடயங்களாகத்தான் தோன்றின என்பது நினைவுக்கு வந்து, அந்தப் பேச்சு பொருந்தத் தொடங்கும்.

நுவாரை எதிர்காலத்துக்குக் கொண்டுபோன ‘பிளேட் ரன்னர்’ (1982) படத்தைப் பார்ப்பவர்கள், நாயகனின் பின்னணிக் குரல் உள்ள முதல் வடிவத்தையும், அது நீக்கப்பட்ட 1992ஆம் ஆண்டு வடிவத்தையும் ஒப்பிடலாம். குரல் போனதும் படம் நமக்கு விளக்குவதை நிறுத்திவிட்டு, நம்மைத் தனியே விட்டுவிடுகிறது. நான் பின்னதையே விரும்புகிறேன்.

ஆறாம் படி: அலங்காரத்தைப் பிரித்தறிதல்

இந்தக் கட்டத்தில், நான் முதலில் போட்டுத் தவறிய ‘சின் சிட்டி’ (2005) படத்தைப் பார்க்கலாம். பச்சைத் திரைக்கு முன்னால் நடிகர்களைப் படம்பிடித்து, பின்னணியைக் கணினியில் உருவாக்கி, கறுப்பு–வெள்ளைக்கு நடுவே சிவப்பையும் மஞ்சளையும் தெறிக்கவிட்ட படம் அது. அது பின்பற்றுவது பழைய நுவார் படங்களை விட, அவற்றைப் பின்பற்றி வரையப்பட்ட சித்திரக்கதைகளையே. காட்சிகளின் ஆற்றலை மறுக்கமுடியாது. ஆனால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று குறிப்பேட்டில் எழுத முயன்றால் பேனா நின்றுவிடும். எந்த விளக்கும் அந்த நிழலை உண்டாக்கவில்லை.

நேர் எதிரான முடிவை எடுத்தது கேர்டிஸ் ஹான்சனின் ‘எல்.ஏ. கான்ஃபிடென்ஷல்’, 1997. 1950களின் காவல்துறை ஊழலைச் சொல்லும் இந்தப் படம், நுவாருக்குரிய நிழல்களைக் கூடியவரை தவிர்த்துவிட்டு, இன்றைய கதையைப் படம்பிடிப்பது போலத் தெளிவாகக் காட்டுகிறது. மேல்நோக்கில் நகல் குறைவாகவும், உள்ளே நுவார் முழுமையாகவும் இருப்பதற்கு இது நல்ல சான்று.

ஒரு பயிற்சியும் செய்து பார்க்கலாம். கியர்மோ டெல் டோரோ இயக்கிய ‘நைட்மேர் அலி’ 2021இல் வண்ணத்தில் வெளியாகி, 2022இல் கறுப்பு–வெள்ளை வடிவத்திலும் திரையிடப்பட்டது. இரண்டாவது வடிவம் கிடைக்காதவர்கள், தொலைக்காட்சியின் வண்ண அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து சில காட்சிகளைப் பார்க்கலாம். பச்சையும் பொன்னிறமும் போனபிறகும் காட்சி தன் அழுத்தத்தை இழக்காவிட்டால், அங்கே நிழல் ஒளிப்பதிவிலேயே கட்டப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். இதே பயிற்சியை வேறு நான்கு படங்களில் செய்துபாருங்கள். சில படங்கள் வெறும் சாம்பல் தாளாக வெளிறிப்போவதைக் காண்பீர்கள்.

ஏழாம் படி: தமிழுக்கு வருதல்

வீணை வித்துவானும் இயக்குநருமான எஸ். பாலசந்தர் 1954இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக எடுத்த ‘அந்த நாள்’ பாடல்களே இல்லாத தமிழ்ப் படம். சென்னையில் குண்டு விழுந்த 1943ஆம் ஆண்டுச் சூழலில், வானொலிப் பொறியியலாளர் ஒருவரின் கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். ஹொலிவூட்டில் நுவார் இன்னும் முடிந்திராத காலத்திலேயே தமிழில் இது நிகழ்ந்தது என்பதால், இதை நகல் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. சமகாலத்து உறவு என்றே சொல்வேன்.

புதியவற்றில் இரண்டைப் பாருங்கள். தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’, 2011. மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’, 2013. முதலாவது, குற்றக்கும்பல் ஒன்றின் உள்மோதலை ஒரே நாளுக்குள் சொல்கிறது. அடைத்துவைக்கப்பட்ட இளம்பெண்ணைப் பற்றிய நம் முன்முடிவுகளை அது எப்படிப் பயன்படுத்துகிறது என்பதை மூன்றாம் படியில் சொன்ன குறிப்போடு சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது, பாடல்களைத் தவிர்த்து, இளையராஜாவின் பின்னணி இசையை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, பெரும்பகுதி இரவிலேயே நகர்கிறது. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சமும் ஆளற்ற சாலைகளும் நமக்குத் தெரிந்த வெளிச்சமாகவும் சாலைகளாகவும் இருப்பதால், நிழலுக்கான காரணத்தைத் தேடி வெளிநாடு போகவேண்டியதில்லை.

எட்டாம் படி: ஒரு காட்சியை நீங்களே எடுத்தல்

பார்ப்பதோடு நிறுத்தினால் ஒளி எப்படி வேலை செய்கிறது என்பது கையில் பதியாது. கைத்தொலைபேசி ஒன்றே போதும். ஒருவர் வீட்டுக்கு வருகிறார், உள்ளே இருப்பவர் கதவைத் திறக்கிறார், அவ்வளவுதான் காட்சி. வசனம் வேண்டாம்.

இருட்டியபிறகு வீட்டின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, உள்ளறையில் ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். கமராவைக் கதவுக்கு எதிரே வெளியில் வையுங்கள். தொலைபேசி தானாகவே இருட்டை வெளிச்சமாக்க முயலும் என்பதால், திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு அழுத்திப்பிடித்து, ஒளியளவைப் பூட்டி, பிறகு அதை இன்னும் குறையுங்கள். இரவுப் படத்துக்கான தன்னியக்க அமைப்பை நிறுத்திவிடுங்கள். இப்போது கதவில் நிற்பவர் கறுத்த உருவமாக மட்டும் தெரிவார். முகத்தில் சிறிது வெளிச்சம் வேண்டுமானால், பக்கவாட்டில் டோர்ச் ஒன்றைப் பிடித்து, அதன் முன்னால் துளையிட்ட அட்டையை வையுங்கள். மறுபக்கம் வெள்ளைச் சுவர் இருந்தால் அது வெளிச்சத்தைத் திருப்பியனுப்பி நிழலைக் கெடுக்கும். அங்கே கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுங்கள். ஒளிப்பதிவாளர்கள் ஃபில் லைட் என்று சொல்லும், நிழலை நிரப்பும் ஒளியைக் குறைப்பதுதான் நுவாரின் அடிப்படை வேலை.

பனி இறங்கும் இரவு கிடைத்தால் விடாதீர்கள். பனிக்கு முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். மனிதருக்குப் பின்னாலிருந்து, கமராவை நோக்கி வெளிச்சம் வரவேண்டும். ஜோன் ஆல்டன் ஒளிப்பதிவு செய்த ‘த பிக் கோம்போ’ (1955) படத்தின் கடைசிக் காட்சியில், பனிக்குள் இரண்டு உருவங்கள் நிற்பது இந்த முறையில்தான். அங்கே பனியை ஸ்டூடியோவில் உண்டாக்கினார்கள்; நானுஓயாவிலும் பட்டிப்பொலவிலும் அது தானாகவே வரும். தொலைபேசியின் வில்லையில் ஈரம் படியும் என்பதால் துடைப்பதற்குப் பருத்தித்துணி வைத்திருங்கள். அடுத்தவரின் காம்பராவோ இஸ்தோப்போ சட்டகத்துக்குள் வருவதாக இருந்தால், முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொழிற்சாலைக் கட்டிடங்களை எடுப்பதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

நாங்கள் எடுத்த முதல் காட்சி 40 விநாடிகள். கொழுந்துக் கணக்கு முடிந்து தாமதமாக வீடு திரும்பும் பெண் இஸ்தோப்பில் ஏறுகிறார். உள்ளே விளக்கு எரிகிறது. கதவு திறக்கும்வரை உள்ளே இருப்பவர் யார் என்று அவருக்குத் தெரியாது. மூன்று முறை எடுத்தபோதும் நிழல் பொய்யாகவே தெரிந்தது, ஏனென்றால் அழகுக்காக இரண்டாவது விளக்கொன்றை வைத்திருந்தோம். அந்த வீட்டில் உண்மையில் எரியும் விளக்கு ஒன்றுதான் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். நான்காவது முறை அந்த இரண்டாவது விளக்கை அணைத்துவிட்டு எடுத்தோம்.